பாப்பாவுக்கு, நம் 1974 வண்டியைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே மிச்சிகனில் பனி ஒருவழியாகக் கரைந்துவிட்டது. நேற்று நம் பாண்டியாக் டிரான்ஸ் ஆம் காரின் போர்வையை எடுத்து பேட்டரியை மாட்டினேன். மூன்றாம் தடவை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் உன் நினைவுதான்.

போன வாரம் போனில் கேட்டாயே: "1970 டிரான்ஸ் ஆமுக்கு 345 குதிரைத்திறனாம், நம்முடையதற்கு 250தானாம். வலு இல்லாத வெறும் ஸ்டிக்கர் வண்டி என்கிறார்களே, அப்பா?" அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. அது மனதிலேயே கிடக்கிறது.

1971 வரை இன்ஜினைத் தனியே மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் ஓடவிட்டு அளந்தார்கள். 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். ஆக, 345-ம் 250-ம் ஒரே படியால் அளந்த அரிசி இல்லை. வலு குறைந்ததும் உண்மைதான், மறைக்க மாட்டேன். ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்று பாண்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லேயே அமுக்க விகிதத்தை, அதாவது இன்ஜின் பெட்ரோல்-காற்றுக் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கை, இறக்கிவிட்டது. முந்தைய வருஷம் பத்தரை. நம் வண்டியில் எட்டு. ஈயப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. அது ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷமே.

அந்த நெருக்கடிக்குள்தான் பாண்டியாக் இன்ஜினியர்கள் சூப்பர் டூட்டி 455 என்ற இன்ஜினைச் செய்தார்கள். 455 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு. பந்தய இன்ஜினுக்குப் போடுவதுபோல ஃபோர்ஜ் செய்த கனெக்டிங் ராடுகள். முதலில் 310 குதிரைத்திறன் என்றார்கள். புகை விதிக்கு ஒத்துவரவில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றி 290-க்கு இறங்கினார்கள், ஆனால் கைவிடவில்லை. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்து பெட்ரோலுக்கு வரிசை நின்ற பிறகும் அது விற்பனையில் இருந்தது. இதே ரகப் போட்டி வண்டிகளான பிளிமத் பாரகூடா, டாட்ஜ் சேலஞ்சர் இரண்டும் 1974-ஓடு நின்றன. ஃபோர்டு மஸ்டாங் அதற்குள் சின்ன வண்டியாகிவிட்டது. அந்த வருஷம் சூப்பர் டூட்டி போட்டு வந்த டிரான்ஸ் ஆம் 943தான். விளக்கு அணையும் நேரத்திலும் ஒருவன் இவ்வளவு அக்கறையாக வேலை செய்திருக்கிறானே என்று நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது.

நம்முடையது அது இல்லை, சாதாரண 455. முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வண்டியின் அடையாள எண்ணைச் சின்ன வயதில் பாட்டுப் போலப் படிப்பாயே, அதில் ஐந்தாவதாக வருவது 'ஒய்' (Y), இன்ஜினைக் குறிப்பது. சூப்பர் டூட்டி என்றால் 'எக்ஸ்' (X) இருக்கும். பின்னால் வரும் 4 வருஷத்தைக் குறிக்கும், 'என்' (N) என்பது ஓஹையோவில் இருந்த நார்வுட் தொழிற்சாலை. போன வருஷம் வாங்க வந்தவர், போனட் மேலிருக்கும் ஸ்கூப்பில் சூப்பர் டூட்டியைக் குறிக்கும் 'எஸ்டி' என்ற எழுத்துகளைச் சேர்த்து ஒட்டினால் விலை ஏறும் என்றார். அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். 455 என்றுதான் வந்தது, 455 என்றே இருக்கட்டும்.

ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் திரளும்போது நீ வந்துவிடு. இந்தத் தடவை நீதான் ஓட்டப்போகிறாய். மெல்லிய அடி வைத்த ஷூ எடுத்து வா. அதற்குள் ரேடியேட்டர் ஹோஸை மாற்றிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா