ஓரத்துக் கறுப்புப் பட்டை பழுதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் 2001 முதல் சில ஆண்டுகள் பிரௌசிங் சென்டர் நடத்தியவன் நான். கடையில் இருந்த ஆறு கணினிகளுக்கும் 15 அங்குல டப்பா மானிட்டர்தான். பள்ளி விட்டதும் வந்து உட்காரும் பிள்ளைகள் மின்னஞ்சல் பார்ப்பதைவிட 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் விளையாடத்தான் காசு கொடுத்தார்கள். அதே பழைய சிடியை என் அக்காள் மகன் அண்மையில் வாங்கிய 24 அங்குல அகலத் திரையில் போட்டுக் காட்டினான். குதிரை வீரர்கள் தலையில் அம்மிக்கல்லை வைத்து அமுக்கியதுபோல் குட்டையாகவும் பருமனாகவும் தெரிந்தார்கள். "பழைய கேம் இல்லையா மாமா, அப்படித்தான் இருக்கும்" என்றான்.

அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். அக்காலத்து மானிட்டரும் தொலைக்காட்சியும் அகலம் 4, உயரம் 3 என்ற விகிதத்தில் செய்யப்பட்டவை; 640×480, 800×600, 1024×768 என்ற அளவுகள் (குறுக்கே எத்தனை புள்ளிகள், நெடுக்கே எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) எல்லாம் அந்த விகிதத்தில் அடங்குபவையே. இன்றைய திரையோ 16க்கு 9. பழைய படத்தை அதன் ஓரம்வரை இழுத்துவிட்டால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், உயரம் கூடாது. நான் சொன்ன விளையாட்டில் தரை முழுவதும் சாய்சதுரக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்தின் அகலமும் உயரத்தைப் போல் இருமடங்கு. இழுபட்ட திரையில் அது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிவிடுகிறது. எங்கள் வீட்டில் கைத்தறி லுங்கி நெய்தார்கள். கட்டம் இப்படிக் கோணிய லுங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாஸ்டர் வீவர் முகத்தில் விட்டெறிந்திருப்பார்.

கணினியைப் பொருத்திக் கொடுத்த வேலூர்க் கடையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். முதலில் இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் வந்தது என்றும், வாடிக்கையாளர் புகார் சொல்வார் என்பதால் தாங்களே 'ஃபுல் ஸ்கிரீன்' வைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். சரியாக இருந்ததைத்தான் சரிசெய்திருக்கிறார்கள்! திரை வீணாகிறது என்பது அவர்கள் வாதம். 1920×1080 திரையில் 4க்கு 3 படம் 1440×1080 இடத்தைப் பிடிக்கும்; பக்கத்துக்கு 240 புள்ளிகள் கறுப்பாக நிற்கும். 24 அங்குல மானிட்டரில் அது பக்கத்துக்கு ஆறரை சென்டிமீட்டர்தான். மிஞ்சும் படத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ பத்தொன்பதரை அங்குலம். என் கடையில் பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்த 15 அங்குலப் பெட்டியைவிட அது எவ்வளவோ பெரியது.

இதைத் திருத்தச் செலவு ஏதுமில்லை. கணினியில் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு என்விடியா நிறுவனத்துடையது என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் திரையின் அளவையும் இடத்தையும் மாற்றும் பக்கத்துக்குப் போய், 'ஃபுல் ஸ்கிரீன்' என்பதை 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று மாற்றி, அந்த வேலையை மானிட்டர் அல்லாமல் ஜிபியுவே (அந்தக் கார்டில் உள்ள சில்லு) செய்யும்படி வைக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி மென்பொருள்களிலும் விகிதத்தைக் காப்பாற்றும் தெரிவு உண்டு. பல மானிட்டர்களின் சொந்தப் பட்டன் மெனுவிலும் இருக்கிறது. சரியாயிற்றா என்று பார்க்க, கணினியை 800×600க்கு மாற்றி, பெயின்ட் மென்பொருளில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் வரைந்து, பள்ளிக்கூட ஸ்கேலைத் திரைமேல் வைத்து அளந்தால் போதும். என் அக்காள் மகனின் திரையில் உயரம் 9 சென்டிமீட்டர், அகலம் 12 இருந்தது. மாற்றிய பின் இரண்டும் 9.

640×480 அளவில் ஓடும் விளையாட்டுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1080 உயரத்துக்கு அவற்றைப் பெரிதாக்கினால் இரண்டேகால் மடங்காவதால் புள்ளிகள் சற்று மங்கும். சரியாக இரண்டு மடங்கோடு நிறுத்தினால் 1280×960 ஆகி, மேலும் கீழும் தலா 60 வரிகள் கறுப்பாக நின்றாலும் எழுத்து பளிச்சென்று தெரியும். எனக்கு இதுதான் பிடிக்கும். அக்காள் மகனுக்குப் பெரிய படம் வேண்டுமாம், விட்டுவிட்டேன்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' போன்ற, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அவற்றின் அளவு 320×200. கணக்குப் போட்டால் இது 16க்கு 10 என்று வரும். ஆனால் அன்றைய மானிட்டர் அந்த 200 வரிகளையும் 4க்கு 3 திரை முழுக்க நிரப்பிக் காட்டியது, அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூடியதாக இருந்தது. அந்த எண்களை மட்டும் நம்பி விகிதத்தைக் காப்பாற்றினால் இளவரசன் ஆறில் ஒரு பங்கு குள்ளமாகிவிடுவான். டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் பழைய பதிப்புகளில் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'ரெண்டர்' பகுதியில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றினால் அவன் தன் உயரத்துக்கு வந்துவிடுவான்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்துக்கு 2019இல் வந்த புதிய பதிப்பு அகலத் திரைக்கென்றே செய்யப்பட்டது என்பதால் அதை வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் வீட்டுப் பரணில் இருந்து பழைய சிடியைத் தேடி எடுத்து, அப்பாவோ மாமாவோ விளையாடியதைத் தானும் விளையாடிப் பார்க்க நினைக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். மானிட்டர் பொருத்த வரும் கடைக்காரர்கள் ஜிபியு அமைப்பை 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வில் வைத்து, ஓரத்தில் கறுப்பு தெரிந்தால் அது பழுதன்று என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.