பல் உடைத்த ஏழு கேசட்

ஹட்டன்
மாசி மாதம், ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

அப்பாவின் கேசட் எல்லாவற்றையும் நாமே வெளியிடலாமா என்று நீ வெள்ளிக்கிழமை போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்துதான் "யோசித்து எழுதுகிறேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டு நாளாக யோசித்தேன். இப்போது மணி பத்து. தோட்டத்து மேல் டிவிஷனில் காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கிறார்கள், இந்த மேசைவரை கேட்கிறது.

அப்பா மேடையில் சாக்ஸபோன் ஊதுவதைப் பதிந்துகொண்டிருந்த அந்த ஆள், அப்பா போன பிறகு அதை இன்டர்நெட்டில் ஏற்றி, சீடியாகவும் அடித்து விற்பது போன வாரம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் போட்டுக் காட்டினாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. அது 2011 ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் வாசித்தது. அந்த வருடம்தான் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. டொக்டர் வேண்டாம் என்றார். கை நீட்டி வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் மேடை ஏறினார். இரண்டாவது பாட்டிலேயே மூச்சு அறுந்தது. ஒரே இழுப்பில் போகவேண்டிய இடத்தை மூன்று துண்டாக வாசித்தார்.

முன் மேசையில் அந்த ஆள் வழக்கம்போல ரெக்கோர்டரோடு உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் அப்பா அவரிடம் போய், "இன்றைக்கு வேண்டாம் ஐயா, நிப்பாட்டுங்கள்" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சரி சரி என்று தலையாட்டி ரெக்கோர்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். பையில் போட்டாரே தவிர நிப்பாட்டவில்லை என்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது. அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாக்ஸபோனின் வாய்ப்பகுதியைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார். பிறகு மேடை ஏறவே இல்லை. தான் தோற்ற நாள் என்று அவர் நினைத்த அந்த ஒரு நாள், இன்றைக்கு அவர் பெயரைத் தேடுகிறவனுக்கு முதலில் கிடைக்கிறது. என் வயிற்றெரிச்சல் காசுக்காக இல்லை மகன்.

நீ சொன்னாய், "இருக்கிற கேசட் எல்லாவற்றையும் நாமே போட்டுவிடுவோம் அம்மா, பிறகு அந்த ஆளின் சரக்கை யார் தேடப்போகிறார்கள்?" என்று. பாதி சரி. மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று பிஸ்கட் டின்னை இறக்கினேன். இப்போது பனி விட்டு நல்ல வெயில் அடிக்கிறது, டின்னைத் திறக்க இதைவிட நல்ல மாதம் இல்லை. வைகாசி பிறந்து மழை பிடித்தால் இங்கே செருப்பிலேயே பூஞ்சணம் பூக்கும், நாடா எம்மாத்திரம்! மொத்தம் இருபத்து மூன்று கேசட். எல்லாம் 1984க்குப் பிறகு எடுத்தவை. அதற்கு முந்திய ஸ்பூல் நாடாக்கள் 83 ஜூலைக் கலவரத்தில் நாங்கள் இருந்த வீட்டோடு எரிந்துபோயின. அதைப் பற்றி அவர் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. நாலு கேசட்டில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு மற்ற நாடாக்களுக்கும் தொற்றிவிடும் என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் பல்லுப்போலச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்குமே, அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே எதையும் பதிய முடியாது. ஏழு கேசட்டில்தான் அப்பா பல்லை உடைத்திருக்கிறார். அதிலும் இரண்டில் ஒரு பக்கம் மட்டும். ஆக, பன்னிரண்டு பக்கம். மற்றப் பதினாறு கேசட்டும் பல்லோடு இருக்கின்றன, "இதன்மேல் வேறு எதையாவது பதிந்துகொள்ளலாம்" என்கிற மாதிரி. எனக்கு உடனே அந்தக் காட்சி ஞாபகம் வந்தது. சீசன் முடிந்து வந்ததும் இரவு ஒரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுக்கக் கேட்பார். பிடித்திருந்தால் சமையலறைக்கு வந்து சின்னக் கத்தியைக் கேட்பார். டக் என்று ஒரு சத்தம். பிடிக்காவிட்டால் கத்தி கேட்காமலே படுத்துவிடுவார். அந்தச் சத்தத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்பது இப்போது என் கையில் இருக்கிறது. பன்னிரண்டு தடவை.

இதைவிட என்ன உயில் வேண்டும் நமக்கு? அந்தப் பன்னிரண்டு பக்கத்தை வெளியே விடுவோம். மற்றவை வீட்டில் இருக்கட்டும். நீ கேள், உன் பிள்ளைகள் கேட்கட்டும், ஊருக்கு வேண்டாம்.

அப்பாவுக்கு அமெரிக்க ஜாஸ் கலைஞர் மிங்கஸ் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும். அவர் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர், அப்பா ஊதியது சாக்ஸபோன், ஆனாலும் அவரைத்தான் குரு என்பார். சார்ல்ஸ் மிங்கஸ் 1979 ஜனவரியில் மெக்சிக்கோவில் இறந்தார். அவர் மனைவி சூ மிங்கஸ் சாம்பலைக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார். இதை அப்பா எனக்குச் சொன்ன அன்று இருவரும் அழுதோம். அதன்பிறகு அந்த அம்மா செய்ததைத்தான் இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மிங்கஸின் கச்சேரிகளைத் திருட்டுத்தனமாகப் பதிந்து ஆளாளுக்கு விற்றார்கள். அந்த அம்மா இசைத்தட்டுக் கடைகளுக்குள் போய் அந்தக் கள்ளப் பதிவுகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, காசு கொடுக்காமல் வெளியே நடந்தார். கேட்டவர்களிடம் தான் யார் என்று சொன்னார். பிறகு சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கி, அதற்குப் 'பழிவாங்கல்' என்று அர்த்தம் வருகிற மாதிரிப் பெயர் வைத்து, கள்ளர்கள் விற்றுக்கொண்டிருந்த 1964 பாரிஸ் கச்சேரியை 1996இல் தானே வெளியிட்டார். பூட்டி வைத்துக் காக்கவில்லை பார். மிங்கஸ் எழுதிவைத்துவிட்டுப் போன பெரிய படைப்பு ஒன்றை 1989இல் நியூயோர்க்கில் முப்பது பேர் கொண்ட குழு வாசிப்பதற்கும் அவர்தான் முன்னின்றார். 2022இல் சாகும்வரை அவருக்கு அதுவே வேலை.

நீ போன கோடையில் டொரொண்டோவில் மாஸி ஹோல் அரங்கின் வாசலில் நின்று படம் அனுப்பினாயே, அங்கேதான் 1953 மே மாதத்தில் மிங்கஸும் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் கச்சேரியைப் பதிந்து வெளியிட்டது மிங்கஸின் சொந்தக் கம்பெனி. பாஸ் சரியாகக் கேட்கவில்லை என்று ஊருக்குப் போய்த் தன் பகுதியை மறுபடி வாசித்துச் சேர்த்தார். வாசித்தவனுக்குத்தான் அந்த உரிமை உண்டு, அப்பா கத்தி கேட்டதைப் போல. ஆனால் பார்க்கர் வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் உறையில் அவர் பெயரை 'சார்லி சான்' என்று மாற்றிப் போட்டார்கள். அப்பா அந்த உறையைக் காட்டி, "பாவம், அவ்வளவு பெரிய மனிசன், சொந்தப் பேரில் பேர் விழவில்லை" என்பார்.

பேர் என்றால் நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் ஒரு நாள் கூலிதான் பேர். உன் அப்பாயி மழையில் நனைந்து கொழுந்து கிள்ளினாலும், நிறுவையில் கொஞ்சம் குறைந்தால் அரைப்பேர் என்று எழுதுவார்கள். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம். அப்பா அதைப் பார்த்து வளர்ந்தவர். அதனால்தான் அவர் மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைச் சொல்லாமல் தொடங்கவே மாட்டார். 'ஏ ட்ரெயின்' பாட்டை எல்லாரும் டியூக் எலிங்டன் எழுதியது என்று நினைக்க, "எழுதியது பில்லி ஸ்ட்ரேஹோர்ன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் ஊதுவார். அந்தப் பாட்டில்தான் அவருக்கு ஜாஸே தொடங்கியது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு சிற்றலையில் வொயிஸ் ஒஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கொனோவர் நடத்திய நிகழ்ச்சியைக் கேட்பாராம், அதற்கு அதுதான் முகப்பு இசை. 1963இல் எலிங்டன் குழு இலங்கைக்கு வந்தபோது அப்பாவுக்குப் பதினைந்து வயது. கொழும்புக்குக் கூட்டிப்போக ஆளில்லை. அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சீடியின் உறையை நீயே பார்த்தாய். அப்பாவின் பெயரில் எழுத்துப் பிழை. பதிந்த ஆளின் பெயர் பெரிதாக. டிரம்ஸ் மாமா, பியானோ வாசித்த கண்டி அங்கிள், பாஸ் வாசித்த பண்டாரவளைத் தம்பி, ஒருவர் பெயரும் இல்லை. அரைப்பேர்கூட இல்லை.

அந்த ஆள் உன்னிடம் சொன்னாராமே, "நான் பதியாவிட்டால் எல்லாம் அழிந்திருக்கும்" என்று. அதையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. டீன் பெனடெட்டி என்று ஒருவர் 1947, 48இல் பார்க்கர் போகிற கிளப் எல்லாம் போய்ப் பதிந்தார். பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் மெஷினை ஓடவிட்டு, மற்றவர்கள் வாசிக்கும்போது நிறுத்திவிடுவார். அந்தத் துண்டுகள் 1990இல் முறையாக வெளிவந்தபோது உலகமே கொண்டாடியது. அது நல்லதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதிவது ஒன்று, விற்பது வேறொன்று. "நிப்பாட்டு" என்று கேட்ட பிறகும் பதிந்து, அந்த மனிசன் கண்ணை மூடும்வரை காத்திருந்து விற்பது இன்னொன்று.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சட்டத்தரணியிடம் வியாழக்கிழமை போய் வந்தேன். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வாசிக்கிறவரின் சம்மதம் இல்லாமல் வாசிப்பைப் பதியவும் கூடாது, பதிந்ததைப் படி எடுக்கவும் கூடாது. அந்த உரிமை, பதிந்த வருடம் முடிந்து ஐம்பது வருடம் நிற்கும். அப்படியென்றால் 2011இல் பதிந்தது 2061 முடியும்வரை. நான் இருக்கமாட்டேன், நீ இருப்பாய். அதனால் கடிதத்தில் உன் கையெழுத்தும் வேண்டும் என்றார். நாளைக்கு ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன், போட்டுத் திருப்பி அனுப்பு. அதில் நஷ்டஈடு கேட்கவில்லை. எடுத்துவிடச் சொல்லியும், மூல நாடாவை நம்மிடம் தரச் சொல்லியும்தான் எழுதியிருக்கிறது. உனக்கு அது போதாது என்று பட்டால் சொல், பேசுவோம்.

அப்புறம், மற்றவர்களையும் கேட்க வேண்டும். டிரம்ஸ் மாமா கேட்டதும் "அண்ணன் உடைத்த கேசட் என்றால் எனக்குச் சம்மதம்" என்றார். வருகிற காசை நாலாகப் பங்கு போடுவதாகச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபிக்காதே. கண்டி அங்கிளின் மகள் உங்கள் பக்கம் ஸ்காபரோவில்தான் இருக்கிறாளாம். நீ நேரில் போய்க் கேள், போனில் கேட்காதே.

கடைசியாக ஒன்று. அந்தப் பன்னிரண்டு பக்கத்திலும் என்ன பாட்டு என்று அப்பாவே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார், எழுதியவர் பெயரோடு. வேறொருவர் எழுதிய பாட்டு என்றால் அவருக்கு உரியவர்களிடம் அனுமதி வாங்கிக் காசு கட்டவேண்டும் என்று சட்டத்தரணி சொன்னார். ஐந்தாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக வருவதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை, கோடு போட்டு விட்டிருக்கிறார். மெதுவாக, தப்பு அடிக்கிற தாளத்தில் தொடங்குகிறது. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது அதை வாசித்துத்தான் உன்னைத் தூங்கவைப்பார். பிறகு வளர்ந்ததும் நீயே வாயால் முனகிக்கொண்டு திரிவாய். அது அவர் சொந்தமாகப் போட்டதா, யாருடையதா என்று உன்னிடம் எப்போதாவது சொன்னாரா? ஞாபகம் வந்தால் உடனே எழுது. அதுவரை அந்தக் கோட்டை அப்படியே விட்டு வைக்கிறேன்.

அம்மா