நுவரெலியா மாவட்டக் கணக்கில் எங்கள் பெயர்: தொகைமதிப்புத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், அங்கே பணிபுரியும் அனைவருக்கும் வணக்கம்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தின் சனத்தொகை பற்றிப் பாடம் வரும்போதெல்லாம் உங்கள் திணைக்களத்தின் எண்களைத்தான் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரம் சொச்சம் பேர். அதில் இந்தியத் தமிழர் 53 வீதம், சிங்களவர் ஏறக்குறைய 40 வீதம், இலங்கைத் தமிழர் நாலரை வீதம், சோனகர் இரண்டரை வீதம். எழுதி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கும்: "டீச்சர், நாங்க இதுல எது?"

முதல் வரி என்று காட்டுவேன். "அப்ப நாங்க இந்தியாவா?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அதன் தகப்பனும் பாட்டனும் இதே மலையில் பிறந்தவர்கள். முப்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான், மலையகத் தமிழர் என்ற எங்கள் பெயருக்காக, இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

2012 கணக்கின்படி, நாட்டின் 25 மாவட்டங்களில் எங்கள் மக்கள் மற்ற எல்லா இனங்களையும் விடக் கூடுதலாக இருந்த மாவட்டம் இது ஒன்றுதான். ஆனாலும் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை என்று மேற்கே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலையும், லயம் என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளும். ஹங்குராங்கெத்த, வலப்பனைப் பக்கம் போனால் வயலும் மிளகுக் கொடியும் பழைய கண்டிச் சிங்களக் கிராமங்களும். பட்டணத்துக் கடைத்தெருக்களில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்தச் சிங்களக் கிராமத்தார் பட்ட பாட்டையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் அவர்கள் மாறி மாறிப் பயிர் செய்த சேனை நிலத்தையும் காட்டையும் வெள்ளைக்காரத் துரைமாருக்குத் திறந்துவிட்டது. அந்தக் காணியில் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட எங்களைக் கூட்டி வந்தார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒரே கையால் அடி வாங்கியவர்கள். ஆனால் எங்களுக்கு மேலே 'இந்திய' என்ற சொல் ஒட்டியிருப்பதால், அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் கண்ணுக்கு நாங்கள் இன்னும் வந்து தங்கியவர்களாகத்தான் தெரிகிறோம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். 1911 கணக்கெடுப்பில்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கினார்கள். ஒரு காலனி ஆட்சி தன் வசதிக்குப் போட்ட கோடு அது. ஆனால் 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது ஏழு இலட்சத்துக்கும் அதிகமானவர்களை நாடற்றவர்களாக ஆக்க அந்தக் கோடே வழிகாட்டியது. 1947 தேர்தலில் எங்கள் வாக்கில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அதன் பிறகு எங்கள் மக்களின் வாக்கில் ஒருவர் அங்கே போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களைப் பங்கு போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. என் அப்பாவின் தங்கை குடும்பம் அதில்தான் போனது. ஸ்டேஷனில் அப்பத்தா ரயில் பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியதை நான் பார்த்தேன். அத்தை கோத்தகிரியில் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவர்களைச் 'சிலோன்காரங்க' என்று கூப்பிட்டார்கள். இங்கே நாங்கள் இந்தியத் தமிழர்.

உங்கள் எண்களில் இந்த வரலாறு தெரிகிறது. 1971இல் நாடு முழுவதும் 11 இலட்சத்து 74 ஆயிரம் பேர் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டார்கள். 1981இல் அது 8 இலட்சத்து 18 ஆயிரமாகக் குறைந்தது. கப்பலேறிப் போனவர்கள் அதில் பெரும் பங்கு. 2012இல் 8 இலட்சத்து 39 ஆயிரம். 2024 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6 இலட்சம், அதாவது மொத்தச் சனத்தொகையில் 2.8 வீதம். 2012இல் 4.1 வீதமாக இருந்தது 12 வருடத்தில் இப்படிக் குறைந்திருக்கிறது. இந்த 12 வருடத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஒப்பாரிக் கோச்சியும் ஓடவில்லை. பிள்ளைப்பேறு குறைந்தது, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டு இலட்சத்துக்கும் மேலான ஆட்கள் காணாமல் போயிருக்க முடியாது. அவர்களில் பெரும்பாலானோர் கணக்கெடுப்புப் படிவத்தில் பக்கத்துக் கட்டத்துக்கு, அதாவது இலங்கைத் தமிழர் என்ற கட்டத்துக்கு, நகர்ந்திருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன். இதே காலத்தில் இலங்கைத் தமிழர் 11.1 வீதத்திலிருந்து 12.3 வீதமாகக் கூடியிருக்கிறார்கள்.

இப்படி நகர்வது புதிதும் அல்ல. எங்கள் மாவட்டத்தில் 1981இல் பத்து வீதத்தையும் தாண்டியிருந்த இலங்கைத் தமிழர் 2012இல் நாலரை வீதமாகிவிட்டார்கள். அத்தனை பேர் ஊரை விட்டுக் குடிபெயர்ந்து போனதாக நான் அறியவில்லை. அதே சனம் ஒருமுறை இந்தக் கட்டத்திலும் மறுமுறை அந்தக் கட்டத்திலும் பதிவாகியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஏன் என்று கேட்டால் என் வீட்டிலேயே பதில் இருக்கிறது. என் தம்பி மகன் வத்தளையில் இருக்கிறான். கணக்கெடுக்க வந்தவரிடம் இலங்கைத் தமிழர் என்று சொல்லியிருக்கிறான். நான் கோபித்துக்கொண்டபோது, "அத்தை, இந்தியத் தமிழர்னு எழுதி வச்சா நாளைக்கு எவனாவது வந்து கிளம்புன்னு சொல்லுவான்" என்றான். அவனுக்கு இப்போது 34 வயது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளை. இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. அவன் மேல் வந்த கோபம் எனக்கு அந்த நிமிடமே போய்விட்டது.

என் மகள் பிறந்தபோது பதிவு செய்ய ஓர் அலுவலகத்துக்குப் போனோம். தகப்பனின் இனம் என்ற இடத்தில் அங்கிருந்தவர் எங்களைக் கேட்காமலே இந்தியத் தமிழர் என்று எழுதினார். "மலையகத் தமிழர்னு போடுங்க ஐயா" என்றார் என் கணவர். "அப்படி ஓர் இனம் லிஸ்ட்ல இல்ல" என்று பதில் வந்தது. அந்தப் பத்திரம் இன்னும் எங்கள் தகரப் பெட்டியில், அப்பத்தாவின் பிரசாவுரிமை விண்ணப்பப் பத்திரங்களோடு கிடக்கிறது.

2024 கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்' என்று எங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு மனமார நன்றி சொல்கிறேன். 2023இல், எங்கள் முன்னோர் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, அவர்கள் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த நடையில் நானும் கடைசி இரண்டு நாள் சேர்ந்துகொண்டேன். கால் வீங்கி ஒரு கிழமை படுத்துக் கிடந்தேன். அப்படி நடந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் பெரிது. ஆனால் சாய்கோட்டுக்கு முன்னால் பழைய பெயர்தான் நிற்கிறது. கணக்கெடுக்க வருபவர் முதல் பாதியை மட்டும் வாசித்தால், பயந்த குடும்பம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

எங்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்றே சொல்லிக்கொள்ள விரும்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை எழுதிக்கொள்ள ஓர் இடம் விடுங்கள். அச்சிட்ட பெயர் மட்டும் மலையகத் தமிழர் என்று தனியாக இருக்கட்டும்.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று யாராவது சொன்னால், அம்பகமுவவுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். 2012இல் அந்த ஒரே பிரதேச செயலகப் பிரிவில் 2 இலட்சத்துக்கும் மேல் சனம். ஒரு கையெழுத்துக்காக நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்க் காத்திருந்தார்கள் எங்கள் பெண்கள். மாவட்டத்தின் ஐந்து பிரிவுகளைப் பத்தாக்கும் வர்த்தமானி 2019இல்தான் வந்தது. அதைக் கேட்டு வாங்க எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் உங்கள் எண்கள். அந்த எண் கரைந்தால், மலையகத்துக்கு ஒரு வேலைத்திட்டம் கேட்டுப் போகும்போது, "நீங்கள்தான் குறைந்துகொண்டு போகிறீர்களே" என்று திருப்பி அனுப்புவார்கள்.

'தோட்டப்புறம்' என்ற உங்கள் பிரிவிலும் இதே சிக்கல் இருக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத காணி, அதில் குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவது இருக்க வேண்டும் என்பது வரையறை. தோட்டம் துண்டு துண்டாகிப்போய் தொழிலாளர் எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கினால், அதே லயமும் அதே ஒழுகும் கூரையும் கணக்கில் கிராமப்புறமாகிவிடும்.

அதனால் அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே சிலவற்றைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். 2024 இனவாரி அட்டவணைகளை வெளியிடும் இடத்தில், 2012க்கும் 2024க்கும் இடையே பலர் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்திருக்கலாம் என்று ஒரு குறிப்புப் போடுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, தோட்டப்புறத்தில் யார் எந்தக் கட்டத்தில் பதிவானார்கள் என்பதைத் தனி அட்டவணையாகத் தாருங்கள். கணக்கெடுப்பாளருக்குப் பயிற்சி கொடுக்கும்போது, எல்லாப் பெயர்களையும் தமிழில் வாய்விட்டு வாசித்துக் காட்டி, வீட்டார் சொல்வதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ் பேசும் உத்தியோகத்தர்களுக்கான அந்தப் பயிற்சி ஹட்டனில் நடந்தால் நான் வருகிறேன். லயத்து வாசலில் போய் நின்று இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை