புதன்கிழமை கூப்பிடுவேன்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. புளோக்கில் மின்தூக்கி மாற்றுகிறார்கள், காலையிலிருந்து ஒரே இரைச்சல். வேறு சேதி இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதே, நானாகத்தான் கேட்கிறேன். அம்மா அனுப்பும் செய்தி நாள்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஆனால் போன மாதம் இங்கே தங்கியபோது, இரவு பத்தரை மணிக்கு யாரோ ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு, நாளைக்குச் சொல்வதெழுதுதல் எந்தப் பாடத்திலிருந்து என்று எழுதிக்கொண்டிருந்தாய். ஆசிரியர்கள் பெற்றோருக்குச் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தர வேண்டியதில்லை, அவசரம் இல்லையென்றால் பள்ளி நேரத்துக்குப் பிறகு பதில் சொல்லவும் வேண்டியதில்லை என்று 2024இல் கல்வி அமைச்சே சொன்னது. அப்பா அதை வெட்டி வைத்திருக்கிறார். உனக்குத் தெரியாததா? தெரிந்தும் பதில் போடுகிறாய். உன் பாட்டியின் பிடிவாதம்.

இன்னொன்றும் வெட்டி வைத்திருக்கிறார். 2018இல் எடுத்த அனைத்துலக ஆய்வில், நம் சிங்கப்பூர் ஆசிரியர்கள் வாரத்துக்கு 46 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்களாம். அது உயர்நிலைப் பள்ளிக் கணக்கு. தொடக்கநிலை ஒன்றில் அழுதுகொண்டே வரும் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடும் நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

அன்று நீ சோபாவில் தூங்கிவிட்டாய். நான் சாப்பாட்டு மேசையைத் துடைக்கும்போது உன் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்தேன். திட்டாதே. ஒரு பிள்ளை, "நான் காலையில் பல்லிக்குப் போனேன்" என்று எழுதியிருந்தது. பழைய பக்கங்களில் இப்படிப்பட்ட பிழைக்கெல்லாம் ஓரத்தில் குட்டிப் படம் வரைந்து, பிள்ளையே சிரித்துத் திருத்திக்கொள்ளும்படி விட்டிருக்கிறாய். இதில் ஒரு சிவப்பு வட்டம் மட்டும்தான், அதுவும் தாள் கிழிகிற அழுத்தத்தில். வீட்டில் தமிழே கேட்காத பிள்ளைகளுக்கு உன் வகுப்பை விட்டால் வேறு எங்கே தமிழ்? குறை சொல்லவில்லை. பாடம் நடத்தத் தெரியாமல் நீ அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நல்லாசிரியர் விருதுக்கு ஒரு பெற்றோர் உன்னைப் பரிந்துரைத்ததை அத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தேக்காவில் காய் வாங்கும்போதும் சொன்னேன். வேண்டாம் என்று நீ சொன்னதுதான், கேட்டேனா?

ஆனால் கயல், அந்தப் பள்ளியில் தமிழுக்கு நீ ஒருத்திதான். உன் வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் துறைத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. அவர் நல்லவர் என்று நீயே சொன்னாய், இருக்கட்டும். நல்லவர் என்பதற்காகக் கட்டுரை திருத்தத் தர முடியுமா? வாய்மொழித் தேர்வுக்கு யாரோடு உட்கார்ந்து பேசுவாய்? சீன ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், நீ தனியாக எல்லா நிலைக்கும் தயாரிக்கிறாய். இதைத் தலைமையாசிரியரிடம் வாய் திறந்து சொன்னாயா? சொன்னால் இயலாதவள் என்று நினைப்பார்கள் என்பாய். நினைக்கட்டும். இணைப்பாட நடவடிக்கையிலிருந்தாவது உன்னை விடுவிக்கச் சொல்.

உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் பயிலரங்கு என்று போனால் சிரித்த முகத்தோடு திரும்புவாய். சாந்தி டீச்சரும் நீயும் பாட அட்டைகளை மாற்றிக்கொண்டு வருவீர்கள். அவரைப் பற்றிக் கேட்டால் இப்போதெல்லாம் பேச்சை மாற்றுகிறாய். என்ன கோபமோ, எனக்கு வேண்டாம். அவர் பேச மறுக்கிற ஆள் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை ஏதோ மருந்தகம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

சாந்தி டீச்சரிடம் பேசினாயா என்று புதன்கிழமை இரவு கேட்பேன். செய்தி அனுப்ப மாட்டேன், கூப்பிடுவேன். எடு.

அம்மா