மெத்தை சீட் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் ஃபிக்ஸட் கியர் சைக்கிள் ஓட்டுபவன் நான் (பிரேக் பொருத்தித்தான், இந்த மலையில் வேறு வழியில்லை). மற்ற சைக்கிள்களில் இறக்கத்தில் பெடலை நிறுத்திச் சற்றே எழுந்து குலுங்கலைத் தவிர்க்கலாம். இதிலோ சக்கரம் சுழலும்வரை கால்களும் சுழன்றாக வேண்டும் என்பதால், சிம்ஸ் பூங்காவிலிருந்து பேருந்து நிலையம் வரை ஒவ்வொரு பள்ளமும் சீட்டின் வழியே நேராக முதுகெலும்பில் ஏறுகிறது.

கடைகளில் எடுத்து நீட்டுவது தடித்த ஜெல் மெத்தை சீட்டைத்தான். நானும் இரண்டு வாங்கி ஏமாந்தேன். மெத்தை அமுங்கியதும், இடுப்பின் அடியிலுள்ள இரு எலும்புகள் தாங்க வேண்டிய எடை இடையிலுள்ள மென்மையான பகுதியை அழுத்துவதால் மரத்துப்போகிறது. நெளி அட்டை ஒன்றின்மீது முன்சாய்ந்து அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதியும். அவற்றின் இடைவெளியை அளந்து, அதைவிடச் சற்று அகலமான, உறுதியான சீட்டை வாங்குவதே சரி. சீட் அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், இறக்கத்தில் கால்கள் வேகமாகச் சுழலும்போது இடுப்பு ஆடி உரசும். தோல் சீட் நாளடைவில் உடலுக்கேற்பப் படியும் என்றாலும், இரு பருவமழையும் பெய்யும் எங்கள் ஊரில் உறையின்றி அதை வெளியே நிறுத்த இயலாது.

விற்பதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க மலையகக் கடைக்காரர்கள் அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், குன்னூர்