நோட்டீஸில் விட்டுப்போகும் எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்தால் நாளிதழுக்குள் மடித்து வரும் நோட்டீஸ்களில் சேலைக்கும் பாத்திரத்துக்கும் பக்கத்தில் இப்போது கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. ‘ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று போட்டு, கீழே பெரிய எழுத்தில் ஒரு விலை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கோ ஸ்டூடியோவுக்கோ மெஷின் வாங்குகிறவர்கள் இதை நம்பித்தான் கடைக்குப் போகிறார்கள். வாங்கும் பொருள் இன்னதென்று அந்த வரியில் ஒன்றுமே இல்லை.

‘ஐ7’ என்பது இன்டெல் பிராசஸரின் பாதிப் பெயர்கூட இல்லை. ஐ7-3770 வந்தது 2012-ல். நாலு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்). 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே நாலும் எட்டும்தான், ஆனால் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பழைய ஐ7-ஐப் புதிதாகத் தயாரித்த எச்61 மதர்போர்டில் மாட்டி, வண்ண விளக்கு எரியும் ஆர்ஜிபி ஃபேன் நாலு வைத்தால் பார்க்கப் புது மெஷின். உள்ளே இருப்பது பழைய வகை டிடிஆர்3 ராம். ஐ7-3770 மூன்றாம் தலைமுறை; இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை, ஓரிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ‘4 ஜிபி கிராபிக்ஸ்’ பெரும்பாலும் 2014-ல் வந்த என்விடியா ஜிடி 730 கார்டு. குதிர் பெரிதாக இருந்து என்ன, வாய் சிறுத்தால் நெல் எப்படிக் கொட்டும்? அந்த கார்டின் டிடிஆர்3 மெமரிக்கு நாலு ஜிபியை நிரப்பி விளையாடும் வேகம் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்டு என்று சொன்னால் பின்னால் ‘2048எஸ்பி’ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அசல் 580-ல் 2304 ஷேடர்கள் (படம் வரையும் சின்னச் சின்ன கோர்கள்), இதில் 2048.

கடைசி எழுத்தும் முக்கியம். ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டுக்கும் வேகம் ஒன்றே. ‘எஃப்’ இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு போனால் திரையே வராது. கேம் மட்டும் ஆடும் பையனுக்கு எஃப் போதும், காசு மிச்சம். கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு அந்த மிச்சம் நஷ்டம். இன்றைய கேமராக்கள் பல 4:2:2, 10 பிட் எச்.265 என்ற, நிற விவரம் அதிகமுள்ள சுருக்கிய வீடியோ வடிவில் பதிகின்றன. இன்டெலில் 11-ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இதைத் தானே பிரித்துக் கொடுக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் கொடுக்காது. ‘பெரிய கார்டு போட்டும் டைம்லைன் திக்குகிறதே’ என்று ஸ்டூடியோக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏஎம்டியில் ரைசன் 5 5600-ல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு.

மதர்போர்டின் பெயரிலும் எழுத்து இருக்கிறது. 12, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையாக வருகின்றன. ஒன்றின் ராம் இன்னொன்றில் உட்காரவே உட்காராது. பெயரில் ‘டி4’ (அதாவது டிடிஆர்4) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராம் வாங்குங்கள். 16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டு. நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பைப் போடாமல் விட்டால் 3200 வேக ராம் பெரும்பாலும் 2133-லோ 2666-லோ ஓடும். கேட்டால் ‘ஓடுதே சார்’ என்பார்கள். (விலை எதையும் எழுதாததற்குக் காரணம் உண்டு: 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் பேப்பரில் விலை எழுதமாட்டார்கள்.)

நோட்டீஸில் ஒருபோதும் வராத பெயர் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குள் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. காவிரி டெல்டாவில் மெஷின் சாவது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பெட்டியின் மேல் ‘450 வாட்’ என்று இருப்பதை விடுங்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 x 16, வெறும் 192 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும். ஐ5-12400 முழுவீச்சில் 117 வரை போகும். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் அளவில் இருக்கும். அதே ஸ்டிக்கரில் ‘இன்புட்’ வரியையும் பாருங்கள். 100-240 வோல்ட் என்றால், குறுவைக்கு பம்புசெட்டுகள் ஓடி லைன் கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கினாலும் தாங்கும். 200-240 என்றால் தாங்காது. 80 பிளஸ் முத்திரை சொல்வது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதை மட்டுமே. பாதுகாப்புக்கு அது சான்றிதழ் ஆகாது.

அடுத்தது இன்வெர்ட்டர். கரண்ட் போகும் நேரத்தில் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் சுமார் 16 மில்லி வினாடி தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் ‘யுபிஎஸ்’ நிலையில் 10 மில்லி வினாடி அளவில் மாறும். சாதாரண நிலையில் 40 வரை ஆகும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சைத் தள்ளினால் தீர்ந்துபோகும் தொல்லைக்காக மதர்போர்டையே மாற்றியவர்கள் உண்டு. ஆனால் யுபிஎஸ் நிலையில் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். பம்புசெட் ஓடும் நாட்களில் பேட்டரி சீக்கிரம் காலியாகும். மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராத ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டாம், நல்ல எஸ்எம்பிஎஸ் அதில் உறுமும், சில நேரம் அணைந்தே போகும். தனி யுபிஎஸ் வாங்கினால் 600 விஏ என்பது ஏறக்குறைய 360 வாட்தான். மேலே சொன்ன 12400, 3060 மெஷினுக்கு மானிட்டரும் சேர்த்து 1000 விஏ வேண்டும்.

எர்த் இல்லாத வீடுகள் இன்னும் நிறைய. பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் மின் இரைச்சலை எர்த்தில் இறக்க வைக்கப்பட்டவை; அவை வழியே கொஞ்சம் மின்சாரமும் கசியும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டின் உடம்பு 110 வோல்ட் அளவில் மிதக்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்பது அதனால்தான். அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகும்போது போர்ட் போய்விடலாம். எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் பார்த்துவிடுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள். கார்டு வாங்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து முதலில் எர்த் குழி போடச் சொல்வோம்; கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலையும் கழற்றிக் கழுவும் ஃபில்டரும் இருக்கட்டும். அறுவடைத் தூசியும் ரைஸ் மில் உமியும் பறக்கும் ஊரில் முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்றினால் தூசி ஃபில்டரோடு நிற்கும். ஐ5-க்கு வாட்டர் கூலர் வீண் செலவு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. மழைக்காலத்தில் ஓட்டாமல் மூடி வைத்தால் ராம் கால்களில் களிம்பு பிடிக்கும். தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே மூன்று காரியம். மானிட்டர் வயர் போர்டில் இல்லாமல் கார்டில் செருகியிருக்கிறதா, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60-லேயே நிற்கிறதா என்று பார்ப்பது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது. ‘புது’ ஹார்டு டிஸ்க் 20,000 மணி காட்டினால் எழுந்து வந்துவிடலாம். மூன்றாவது, பில்லில் பிராசஸர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு ஒவ்வொன்றுக்கும் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குவது. ‘அசெம்பிள்டு பிசி - 1’ என்ற பில்லை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியிலும் வாரண்டி கேட்க முடியாது.

தங்கள் நாளிதழில் வரும் கணினி விளம்பரங்களிலாவது பிராசஸர், கார்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றின் முழுப் பெயரையும் அச்சிட விளம்பரதாரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். மூன்றும் சேர்ந்து ஒரே வரிதான்.

இப்படிக்கு,
கணினி பழுது நீக்குவோர் சிலர்,
கும்பகோணம்.