ஈஸ்வரிக்கு, கூடலூரிலிருந்து

அன்புள்ள ஈஸ்வரி,

இங்கே நானும் அம்மாவும் நலம். உன் மாமியாருக்கு முட்டுவலி தேவலையா? பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாளா?

அவள் காதுகுத்துக்கு நான் வரவில்லை. நீ நாலு தடவை போன் போட்டும் எடுக்கவில்லை. ஏழு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. உனக்குக் கோபம் இருக்கும், இருக்க வேண்டியதுதான். காரணத்தைச் சொல்கிறேன், அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நான் யூபிஎஸ்சி-க்குப் படிக்கிறேன். நம் ஊரில் கலெக்டர் பரீட்சை என்பார்களே, அதற்குத்தான். வெளியே சொன்னால் அடுத்த நாளிலிருந்து "எப்போ ரிசல்ட்டு?" என்று பால் ஊற்றுகிற அண்ணன்வரை கேட்பார். அதற்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன்னிடமும் மூடிக்கொண்டதுதான் தப்பு. மன்னித்துவிடு.

தாலுகா ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் அம்மணி, குரூப் 4-க்கு நீ படித்தபோது நான்தானே உனக்குக் கேள்வி கேட்டேன்? இப்போது உன் முறை. முழுவதும் படித்துவிட்டுப் பதில் போடு.

முதல் மூன்று மாதம் புத்தகம் சேர்ப்பதிலேயே போய்விட்டது. மதுரையில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். ஒன்றரை லட்சம் கட்டச் சொன்னார்கள். கட்டாதவர்களுக்கு இடம் கிடைக்காது, இன்றைக்கே முன்பணம் கொடுங்கள் என்றார்கள். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் ஒரு வருஷக் கூலியை அந்த மேஜைமேல் வைக்க எனக்கு மனசு வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்சிஇஆர்டி என்கிற மத்திய அரசுப் பாடப் புத்தகங்கள், கூடவே நம் சமச்சீர் சமூக அறிவியல், இவற்றை வைத்துக்கொண்டு கிளை நூலகத்தில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் போனது. படிப்பு வருகிறது என்றே நினைத்தேன்.

போன மாதம்தான் பிரிலிம்ஸ் என்கிற முதற்கட்டப் பரீட்சையின் பழைய கேள்வித்தாளை எடுத்தேன். அதை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். நிஜப் பரீட்சை மாதிரியே செய்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு, காலை 9.30-க்கு முதல் தாள், மத்தியானம் 2.30-க்கு இரண்டாவது தாள் எழுதினேன். முதல் தாள் பொது அறிவு, 100 கேள்வி, 200 மார்க். அது சுமார், ஆனாலும் தேறிவிடலாம் என்ற தைரியம் வந்தது. இரண்டாவது தாள் சிசாட், கணக்கும் பத்தி வாசிப்பும் கேட்கிற திறனறித் தாள், அதுதான் என்னைக் கவிழ்த்தது. 80 கேள்வி, அதற்கும் 200 மார்க். அந்த மார்க்கை ரேங்குக்குச் சேர்க்க மாட்டார்கள், 33 சதவீதம், அதாவது 66 எடுத்தால் போதும். ஆனால் அந்த 66 இல்லையென்றால் முதல் தாளைத் திருத்தி மதிப்பெண் பார்க்கவே மாட்டார்கள். எத்தனை பேர் அதைச் சும்மா பாஸ் தாள் என்று விட்டுவிட்டு அங்கேயே விழுகிறார்கள் தெரியுமா?

என் கணக்கைப் பார். 54 கேள்விக்குப் பதில் போட்டேன். 30 சரி, 24 தப்பு. ஒரு சரிக்கு 2.5, ஆக 75. ஒவ்வொரு தப்புக்கும் மூன்றில் ஒரு பங்கு, 0.83 போகும். 24 தப்புக்கு ஏறக்குறைய 20 போய் மிச்சம் 55. தெரியாததைத் தொடாமல் விட்டு, தப்பைப் பத்தோடு நிறுத்தியிருந்தால் அதே 30 சரிக்கு 66 தாண்டியிருக்கும். உன் குரூப் 4-இல் தப்புக்குக் கழிப்பது கிடையாது. கடைசி ஐந்து நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் நிரப்பினேன் என்று நீ சொன்னதுதான் என் கைக்குப் பழகியிருந்தது. இங்கே அந்தக் கை ஆகாது.

நேரம் போனது கணக்குக் கேள்விகளில் இல்லை, ஈசு. பத்தி வாசித்து விடை சொல்கிற கேள்விகளில்தான். இங்கிலீஷில் ஒரு பத்தியைப் படிக்கிறேன், மனசுக்குள் தமிழாக்குகிறேன், நாலு விடைகளையும் தமிழாக்குகிறேன், பிறகு திரும்பவும் பத்திக்குப் போகிறேன். முள் ஓடிவிடுகிறது. உன் பரீட்சையில் 200 கேள்வியில் 100 தமிழுக்கே கொடுத்திருந்தார்கள். இங்கே பிரிலிம்ஸ் கேள்வித்தாளில் தமிழே கிடையாது. இடப்பக்கம் இந்தி, வலப்பக்கம் இங்கிலீஷ், இந்த இரண்டுதான். இந்தியில் பள்ளிப்படிப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு அவள் அம்மாவோடு பேசுகிற மொழியிலேயே கேள்வி இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை? அரசமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் நம் மொழியும்தானே இருக்கிறது? அன்று ராத்திரி அழுதேன். 55 வாங்கியதற்கு அழவில்லை. எனக்குத் தெரிந்ததைக் கேட்காமலே போகிறார்களே என்று அழுதேன்.

சரி, அழுது முடித்ததும் ஒரு வேலை ஆரம்பித்தேன். தினமும் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு தலையங்கம். வரிக்கு வரி தமிழாக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். முழுவதும் வாசித்துவிட்டு, சொல்ல வந்தது என்ன என்று ராத்திரி அம்மாவிடம் ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்ல வேண்டும். இப்போது காய் எடுப்புக் காலம். விடியுமுன்னே ஜீப் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குவாளியோடு ஓடிப்போய் நெருக்கி ஏறிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போனால் இருட்டினபிறகுதான் இறங்குகிறாள். விரல் இடுக்கெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டே கேட்பாள்: "இன்னைக்கு என்ன படிச்ச?"

ஒரு நாள் அரசமைப்பில் இரண்டு ஷரத்துகளைச் சொன்னேன். 262, மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றுத் தண்ணீர்ச் சண்டைக்கு. 131, ஒரு மாநிலம் இன்னொன்றின்மேல் நேராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கு. 2014-இல் முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பு வந்ததே, அது 131-இன் கீழ் நம் அரசு போட்ட வழக்கு. 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருஷத்துக்குக் குத்தகை, 1895-இல் அணை முடிந்தது என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். அம்மா கையை எடுக்காமல் கேட்டாள்: "அணை அவங்க மண்ணுல, தண்ணி நம்ம வயக்காட்டுக்கு, அதப் பாத்துக்கிறது நம்மாளுக. கீழ இருக்கிற அவங்க சனத்துக்குப் பயம் வந்தா யாருகிட்டப் போயிச் சொல்லும்?"

எந்தப் புத்தகமும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு உட்கார்ந்து அந்த ஒரு கேள்விக்குத் தமிழில் எழுதினேன். லோயர்கேம்பில் இறங்கும் தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர், அந்தப் பக்கம் இடுக்கிச் சனத்தின் பயம், பகலெல்லாம் அங்கே வேலை செய்து ராத்திரி இங்கே தூங்குகிற அம்மா மாதிரி ஆயிரக்கணக்கான பேர். மூன்று பக்கம் வந்தது. மறுநாள் அதே பதிலை இங்கிலீஷில் எழுதப் பார்த்தேன். பன்னிரண்டு வரியில் தீர்ந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு வரியில் அம்மா கேட்டது இல்லவே இல்லை.

அதனால்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், நீதான் சொல்ல வேண்டும். பிரிலிம்ஸை இங்கிலீஷில் தாண்டியே ஆக வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை. அடுத்த கட்டமான மெயின்ஸைத் தமிழில் எழுதப் போகிறேன். கட்டுரை, பொது அறிவு நாலு தாள் எல்லாமே. கேள்வி அங்கேயும் இந்தி, இங்கிலீஷில்தான் வரும், ஆனால் பதில் தமிழில் எழுதலாம். தனியாக ஒரு இங்கிலீஷ் தாள் உண்டு, 300-க்கு 75 எடுத்தால் போதும், ரேங்கில் சேராது. விருப்பப் பாடம் தமிழ் இலக்கியம். பாடத்திட்டத்தில் சிலப்பதிகாரம் மதுரைக் காண்டம் இருக்கிறது! சித்ரா பௌர்ணமிக்குப் பளியங்குடியிலிருந்து நீயும் நானும் கண்ணகி கோயிலுக்கு ஏறினோமே, பாதி மலையில் உன் செருப்பு அறுந்து, அந்த அத்தை சேலைக் கிழிசலால் கட்டிவிட்டார்களே, அந்த மலை கண்முன்னே நிற்க அதைப் படிக்கிறேன். வேங்கை மரத்தடியில் அவள் போய் நின்ற இடம் வரும்போது மேலே வாசிக்க முடியாமல் சன்னலுக்கு வந்துவிட்டேன்.

தமிழில் எழுதினால் மார்க் குறையும், புத்தகம் கிடைக்காது என்று நூலகத்துக்கு வரும் பையன்கள் சொல்கிறார்கள். புத்தகம் குறைவு என்பது உண்மை. பொருளாதாரத்துக்கும் அறிவியலுக்கும் கலைச்சொல்லை நானே நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதிச் சேர்க்கிறேன், நானூறு ஆகியிருக்கிறது. மார்க் விஷயம்தான் உறுத்துகிறது. ஆனால் எனக்குள் பன்னிரண்டு வரியாகச் சுருங்கிப்போகிற ஒருத்தியை அனுப்பி என்ன மார்க் வாங்குவது? நீ என்ன நினைக்கிறாய் என்று ஒளிக்காமல் எழுது. என் மனசு நோகும் என்று பார்க்காதே.

அப்புறம், வரும் மே மாதப் பரீட்சை. விண்ணப்பம் போடுவேன், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பித்தாலே ஒரு முயற்சி போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன், அப்படி இல்லை. ஹாலில் ஒரு தாளுக்காவது உட்கார்ந்தால்தான் கணக்கு. ஓபிசி என்பதால் நமக்கு 35 வயதுக்குள் ஒன்பது தடவை. சும்மா அனுபவத்துக்கு என்று போய் ஒன்றை வீணாக்க மாட்டேன். மார்ச் முடிவதற்குள் மூன்று பழைய சிசாட் தாள்களில் தொடர்ந்து 66 தாண்டினால் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதுவேன், இல்லையென்றால் அடுத்த வருஷம். நம் மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நுழைவுத்தேர்வு வைத்து 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய், பத்து மாதம் கொடுக்கிறார்கள். அதையும் எழுதப் போகிறேன். அது கிடைத்தால் அம்மா மழை நாளிலாவது ஜீப் ஏறாமல் இருக்கலாம்.

உன்னிடம் கேட்க இரண்டு. உன் பழைய பதினொன்று, பன்னிரண்டு அரசியல் அறிவியல் புத்தகங்கள் பரணில் இருக்கும், தீபாவளிக்கு உன் தம்பி வரும்போது கொடுத்துவிடு. இன்னொன்று, ஞாயிறு ராத்திரி எட்டரைக்குப் போன் போடு. நான் இங்கிலீஷ் பத்தி ஒன்றை வாசிப்பேன், நீ கேள்வி கேட்க வேண்டும். பாப்பா அழுதால் பரவாயில்லை, அவள் சத்தத்திலும் படித்துப் பழக வேண்டும்.

ஜீப் வந்துவிட்டது, அம்மா இறங்குகிறாள். தண்ணீர் சுட வைக்க வேண்டும்.

உன்,
முத்து